ஆறு சிவப்பு வட்டங்கள்

எனக்கு ஒரு டியூப் லைட் மாட்டத் தெரியாது என்றால் சிரிப்பீர்கள். இருபத்திரண்டு வருடமாக ஆபீஸ்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எந்த விளக்கு எங்கே வர வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. மாட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டூல் மேல் ஏறினாலே எனக்குக் கால் நடுங்கும்.

என் மனைவிக்கு ஒரு தம்பி. ஒரு தொழிற்சாலையில் இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மிஷினில் வேலை, நாலாம் நம்பர் லேத் அவனுடையது. நல்ல பையன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவான். ஃபேன், மிக்ஸி, குழாய், எது மக்கர் பண்ணினாலும் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவான். "என் தம்பி கை பட்டாப் போதும்" என்பாள் மனைவி. ஒரு தடவை விருந்தாளிகள் முன்னால், "இவருக்கு ஊர் பூரா வெளிச்சம் போடத் தெரியும். எங்க வீட்டு சமையல்கட்டுல லைட் எரியணும்னா என் தம்பிதான் வரணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி என் தோளைத் தட்டினான். எனக்கு வெட்கமாக இருந்தது. நாளாக ஆக அது பொறாமையாக மாறியது. மழுப்புவதற்கு ஒன்றுமில்லை, பொறாமைதான்.

அவன் தொழிற்சாலைக்குப் புது விளக்கு அமைக்கும் வேலை தானாகத்தான் என்னிடம் வந்தது. நான் தேடிப் போகவில்லை.

ஐயா, நீங்கள் பாதுகாப்பு ஆய்வாளர், உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன். சோக் வைத்த டியூப் லைட் ஒரே சீராக எரிவதில்லை. நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது. சுற்றுகிற இயந்திரத்தின் வேகம் அதோடு பொருந்திவிட்டால், ஓடுவது நிற்பதுபோலத் தெரியும். அதனால் அடுத்தடுத்த விளக்குகளை, மின்சாரம் வருகிற மூன்று ஃபேஸ் லைன்களிலும் பிரித்துப் போடுவோம். ஒன்று மங்கும்போது மற்றது ஈடுகட்டும். வரைபடத்தில் ஃபேஸுக்கு ஒரு நிறமாக சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பென்சிலால் வட்டம் போடுவது அதற்காகத்தான்.

நாலாம் லேத்துக்கு மேலே ஆறு வட்டம். ஆறையும் சிவப்பாகப் போட்டேன். அவன் வழக்கமாக எந்த வேகத்தில் ஓட்டுவான் என்பது எனக்குத் தெரியும். சாப்பிடும்போது அவனே பெருமையாகச் சொன்னதுதான்.

வயரிங் செய்தவர் கேட்டார். "என்ன சார், இங்க மட்டும் எல்லாம் ஒரே ஃபேஸ்ல இருக்கு?"

"பின்னால ரிப்பேர் பாக்கச் சுலபம்ப்பா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

லேத்தின் தலைமாட்டில் ஒரு குண்டு பல்பு இருந்தது. குண்டு பல்பு டியூப் லைட் மாதிரி மங்கி மங்கி எரியாது, அது எரிந்தால் என் ஆறு வட்டமும் வீண். அதை எடுக்கச் சொன்னது நானில்லை. "மாமா, இது கண்ணு கூசுது. கழட்டச் சொல்லுங்களேன்" என்று அவனே கேட்டான். தொழிலாளியின் வசதி முக்கியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் மீட்டர் வைத்து அளந்தீர்கள். வெளிச்சம் தேவைக்கு மேலேயே இருந்தது. பாராட்டினீர்கள்.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது வாரம், காலை பதினோரு மணி. மேற்பார்வையாளர் ஏதோ கேட்டார். அவன் திரும்பிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி லேத்தைப் பார்த்தான். பக்கத்தில் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்ததால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இரும்புச் சீவலைத் தட்டிவிட வலது கையை நீட்டினான்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "நின்னுட்டுதான் மாமா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றான். "கவனமா இருந்திருக்கக் கூடாதாடா" என்று அவன் அக்கா அழுதாள். நீங்களும் கவனக்குறைவு என்றுதான் எழுதினீர்கள். எனக்கு அன்று அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. கேண்டீனில் போய் டீ குடித்தேன்.

போன மாதம் அவனே கேட்டான். "ஒருவேளை ஓடிட்டுதான் இருந்துச்சோ மாமா? எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோ?" நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது வந்திருக்கிறேன். அவன் பார்த்தது பார்த்ததுதான், பொய் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். நாலாம் லேத்தில் இப்போது வேறு ஒருவர் நிற்கிறார். விளக்குகள் அப்படியேதான் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். சமையலறை விளக்கை இடது கையாலேயே கழற்றி மாட்டினான். "ஒத்தக் கையால எப்படிப் பண்றான் பாத்தீங்களா?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தொழிற்சாலையில் அவனுக்குத் துளை போடும் மிஷினில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அந்த அறைக்கும் வரைபடம் நான்தான். நேற்று முடித்துவிட்டேன், கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். நான்கு வட்டமும் சிவப்பாகத்தான் இருக்கின்றன. மற்ற பென்சில்கள் தீர்ந்துபோயிருக்கும், அதனால்தான் அப்படிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மஞ்சளும் நீலமும் சீவிய கூர் மழுங்காமல் அப்படியே இருந்தன.