ஒரு சாண் குழி

பொன்னி: கனமா இருக்குன்னா எப்படிடி? கொத்துக்கரண்டி கனமாத்தான் இருக்கும். இதுவரைக்கும் என் கடையில வாங்கின ஒரு கொத்தனாரும் குறை சொன்னதில்ல.

வள்ளி: நான் சுவரு பூசப் போறேன்னு யாரு சொன்னா?

பொன்னி: பின்ன எதுக்குன்னுதான் வந்ததுல இருந்து கேக்கறேன். மண்ணு தோண்டன்ற. எந்த மண்ணு, எவ்ளோ ஆழம்னா மோட்டுவளையப் பாக்கற.

வள்ளி: ஒரு சாண் ஆழம்.

பொன்னி: ரோஜா பதியன் போடவா?

வள்ளி: இல்ல... கொல்லைக்கு.

பொன்னி: அப்படிச் சொல்லு. கடலைக் கொல்லைக்கா, மல்லாட்டைக்கு நடுவுல களை எடுக்க...

வள்ளி: ஐயோ, கொல்லைக்குப் போறதுக்குடி!

பொன்னி: ஹ... ஹஹ்ஹஹா!

வள்ளி: சிரி. சிரிச்சு முடி.

பொன்னி: மெதுவாப் பேசு தாயே. தேரடித் தெருவே திரும்பிப் பாக்குது. டீச்சரு வேற நீ.

வள்ளி: நீதான் கத்த வெச்ச.

பொன்னி: சொம்பு எடுத்துக்கினு போவாங்க, பாத்திருக்கேன். கரண்டி எடுத்துக்கினு போறவள இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்க வீட்டுல கக்கூசு இல்லியா?

வள்ளி: வீட்டுக்கு இல்ல. மலைக்கு. ஸ்கூல் பொண்ணுங்கள கேம்ப் கூட்டிக்கினு போறேன்.

பொன்னி: எந்த மலைக்கு?

வள்ளி: ஜவ்வாது மலைக்குத்தான்.

பொன்னி: மலைக்கா... சரி, இந்தக் களைக்கொத்தப் பாரு. இதுல பாதி கனம்தான்.

வள்ளி: பிடி நீட்டமா இருக்கே. பையில வெச்சா வெளிய நீட்டிக்கினு முன்னாடி போறவ முதுகுல குத்தும். பொண்ணுங்க துணிமணி, அரிசி, பருப்பு எல்லாத்தையும் தோள்ல போட்டுக்கினு ஏறணும். போளூர் தாண்டி பஸ்ஸுல இருந்து இறங்குனா அப்புறம் நடைதான்.

பொன்னி: எனக்குத் தெரியாதா?

வள்ளி: ...தெரியும்.

பொன்னி: இத இன்னாத்துக்கு இவ்ளோ யோசிக்கற? காட்டுல புதருக்கா பஞ்சம்?

வள்ளி: நாம படிக்கறப்போ போன கேம்ப்புலயும் புதரு இருந்துச்சே. நீ போனியா?

பொன்னி: ...பழசெல்லாம் எதுக்குடி இப்ப?

வள்ளி: போனியான்னு கேட்டேன்.

பொன்னி: அந்தப் புதருங்க இருந்த லட்சணத்துக்கா? நமக்கு முன்னாடி கேம்ப் போட்டவனுங்க ஒரு புதரையும் விட்டு வெக்கல. இந்தப் பக்கம் பாய்ஸ் ஸ்கூல் டெண்ட்டு, அந்தப் பக்கம் ஓடை. ரேணுகாம்பாள் டீச்சரு வேற, விசில் ஊதி எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, "போங்கடி, ரெண்டு நிமிஷம்"னு...

வள்ளி: விசில் ஊதினா வந்துடுமா!

பொன்னி: அதான! உனக்கு எப்படித்தான் வந்துச்சோ. நீ பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கினு போயிட்டு வருவ.

வள்ளி: பாட்டு எதுக்குப் பாடினேன்? யாராவது வந்துடப் போறாங்கன்னு பயம்டி.

பொன்னி: அடிப்பாவி. தைரியசாலின்னு இத்தனை வருஷமா நெனச்சிக்கினு இருக்கேன்.

வள்ளி: இப்ப இருக்கற பொண்ணுங்களும் அப்படித்தான். போன மாசம் ஒரு நாளு வேங்கிக்கால் ஏரிக்கரை வரைக்கும் நடக்கக் கூட்டிக்கினு போனேன். பாதிப் பேரு காலையில இருந்து தண்ணி குடிக்கல. ஏன்டின்னா ஒருத்தி முகத்த ஒருத்தி பாக்கறாளுங்க. எனக்கு உடனே உன் ஞாபகம்.

பொன்னி: நல்ல ஞாபகம்தான். ஆமா, கரண்டி ரோசனை உனக்கு எங்க இருந்து வந்துச்சு?

வள்ளி: ஆசிரமத்துப் பக்கம் என் சித்தி வீட்டு மாடியில ஒரு வெள்ளைக்கார அம்மா குடி இருக்காங்க. ஆஸ்திரேலியா. அவங்க பையில பாத்தேன், ஆரஞ்சு கலர்ல பிளாஸ்டிக் கரண்டி. கையில வெச்சா வெச்ச மாதிரியே இல்ல. எதுக்குங்கன்னு கேட்டேன். கொஞ்சங்கூட வெக்கப்படாம சொன்னாங்க.

பொன்னி: எப்படிச் சொன்னாங்க?

வள்ளி: நடிச்சே காட்டினாங்க.

பொன்னி: ஐயய்யோ!

வள்ளி: அவங்க ஊர்ல நாள் கணக்கா காட்டுல நடப்பாங்களாம். ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு வெச்சிருப்பாங்களாம். ஓடைக்கு எட்டப் போயி, ஒரு சாண் தோண்டி, வேலை முடிஞ்சதும் மண்ணப் போட்டு மூடிட்டு வந்துடணும். அடுத்தாளு வந்தா தெரியவே கூடாது.

பொன்னி: பூனை மாதிரி.

வள்ளி: பூனை மாதிரியேதான். நாம ஓடையில குளிச்சிட்டு, அதுக்கு மேலேயே போய் உக்காந்தோமே, கீழ மலை ஜனங்க அந்தத் தண்ணியத்தானே மொண்டு குடிச்சாங்க?

பொன்னி: இரு, ஆளு வருது. வாங்க அப்பாதுரை அண்ணே! இன்னா வேணும்?

அப்பாதுரை: டீக்கடை பெஞ்சு ஆடுது பொன்னிம்மா. ரெண்டு இஞ்சு ஆணி ஒரு கைப்பிடி குடு. இன்னா டீச்சரு, கையில கொத்துக்கரண்டி? வீடு கட்டுறீங்களா?

வள்ளி: இல்லிங்க... அது வந்து... ஸ்கூல்ல...

பொன்னி: செடி நடறாங்கண்ணே. பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து.

அப்பாதுரை: நல்ல காரியம். இன்னா செடி?

வள்ளி: ...ரோஜா.

அப்பாதுரை: ரோஜாவுக்கு எரு நல்லா போடணும் டீச்சரு. எரு கம்மியா இருந்தா பூக்காது.

பொன்னி: எருவுக்குக் குறைச்சல் இருக்காதுண்ணே. இந்தாங்க ஆணி.

அப்பாதுரை: இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கிறீங்க? சரி, வரேன்.

வள்ளி: பாவி... பாவி... வயிறு வலிக்குதுடி.

பொன்னி: எவ்ளோ நாளாச்சு இப்படிச் சிரிச்சு. ஊருக்கு மாத்தலாகி வந்து ஆறு மாசம் ஆவுது. கடைக்கு வர வழி இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா உனக்கு?

வள்ளி: வரணும்னுதான்... 

பொன்னி: கீழ்பென்னாத்தூர்ல இருந்தப்போ தூரம்னு சொன்ன. இப்ப உங்க ஸ்கூல் மணியடிச்சா எனக்குக் கேக்குது.

வள்ளி: வந்தா நீ எப்படிப் பேசுவியோன்னு இருந்துச்சு.

பொன்னி: நான் இன்னா கடிச்சா வெச்சிருப்பேன்? சரி, இது எப்படின்னு பாரு. மளிகைக் கடையில சக்கரை அள்ளுற அலுமினியக் கரண்டி.

வள்ளி: அட, பஞ்சு மாதிரி இருக்கு! இது போதுமே.

பொன்னி: போதுமா? வா, கடைக்குப் பின்னால குத்திப் பாக்கலாம். அங்கயும் மலை மாதிரி சரளை மண்ணுதான்... உம், இங்க. அமுக்கு. இன்னும் அமுக்கு.

வள்ளி: ஐயோ, கரண்டி வாயி கோணிக்குச்சு!

பொன்னி: ஒரு குழிக்கே இப்படி. மூணு நாளு தாங்குமா? சாம்பார் கரண்டி இத விட கெட்டியா இருந்துச்சு.

வள்ளி: அத மட்டும் மறக்க மாட்டியே நீ.

பொன்னி: எப்படி மறக்கறது? பொழுது விடியல, பனி கொட்டுது. என்னை எழுப்பி, போர்வையச் சுத்தி, பாறைக்குப் பின்னால கூட்டிக்கினு போன. பாத்தா கையில கேம்ப்பு சாம்பார் கரண்டி. நாய் மாதிரி தோண்டற. தோண்டிட்டு, "உக்காருடி, நான் அந்தாண்ட திரும்பி நிக்கறேன்"ன்ன.

வள்ளி: போர்வைய விரிச்சிப் பிடிச்சிக்கினு நின்னேன். கை ரெண்டும் வெறச்சிப் போச்சு.

பொன்னி: பாட்டு வேற பாடின.

வள்ளி: அது உனக்காகப் பாடினது. மத்தியானம் அதே கரண்டியில ரேணுகாம்பாள் டீச்சருக்கு சாம்பார் ஊத்தினாங்க. "இன்னிக்கு சாம்பார் மணமா இருக்கே"ன்னாங்க.

பொன்னி: கழுவினியாடி நெஜமா?

வள்ளி: மண்ணு போட்டு, சாம்பல் போட்டு, ஓடையில நாலு தரம்!

பொன்னி: அந்தக் கேம்ப்புல நான் சிரிச்சது அந்த ஒரு தரம்தான். காய்ச்சல்ல படுத்துக்கினு சிரிச்சேன்.

வள்ளி: ரெண்டு நாளு முன்னாடியே எனக்குத் தோணியிருக்கணும். அடக்கி, தண்ணி குடிக்காம, நீர்க்கடுப்பு வந்து...

பொன்னி: உனக்கும் அப்ப பதினாறு வயசுதானே. நீ ஒருத்தியாவது கேட்ட. "ஏன்டி சாப்பிட மாட்டன்ற, இன்னாடி பண்ணுது"ன்னு. மத்தவளுங்க எல்லாம், உன்னாலதான் அருவி பாக்காம திரும்பறோம்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினாங்க.

வள்ளி: மலைக்காரங்க நாலு பேரு உன்னைக் கம்பளியில கட்டித் தூக்கிக்கினு இறங்கினாங்க. நான் பின்னாலயே ஓடி வந்தேன். கண்ண மூடியே கெடந்த. செத்துடுவன்னு நெனச்சேன்.

பொன்னி: கண்ணுதான் மூடியிருந்துச்சு. உன் அழுகை கேட்டுக்கினுதான் இருந்துச்சு. ஊருல கேட்டவங்களுக்கெல்லாம் வெயில் மயக்கம்னு சொன்னாங்க. மார்கழி மாசத்துல இன்னா வெயிலு? கொல்லைக்குப் போகலன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாயி வரல. எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்து நேரா மாப்பிள்ளை பாக்கப் போனாரு. பரீட்சைக்கு மூணு மாசம் இருந்துச்சு.

வள்ளி: நம்ம ஸ்கூல்லயும் அதோட பொண்ணுங்களுக்குக் கேம்ப்ப நிறுத்திட்டாங்க. நடுவுல எத்தனை பேரு கேட்டாங்களாம். "ஏற்கெனவே ஒரு பொண்ணுக்கு ஆன கதை தெரியாதா?"ன்னே சொல்லிட்டாங்களாம்.

பொன்னி: என் கதையச் சொல்லியா?

வள்ளி: உன் கதையச் சொல்லித்தான். அதனாலதான் பொன்னி, இந்தத் தரம் ஒரு பொண்ணுக்குக் கூட ஒண்ணும் ஆயிடக் கூடாது. ஒருத்தி மயங்கி விழுந்தா போதும், திரும்பவும் சாத்திடுவாங்க. நீங்க இன்னாத்துக்கு இதெல்லாம் பேசறீங்கன்னு பெத்தவங்க கேட்டாங்க. பேசித்தான் ஆவணும்னுட்டேன். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு, ஜோடிக்கு ஒரு கரண்டி. ஒருத்தி போனா ஒருத்தி போர்வையப் பிடிச்சிக்கினு நிக்கணும்.

பொன்னி: பாட்டுப் பாடணுமா?

வள்ளி: பிரியம் இருந்தா பாடலாம்.

பொன்னி: இரு, இரு. அந்த மூலையில பழைய இரும்பு கெடக்குது. இதப் பிடி.

வள்ளி: இது ஒடஞ்ச மம்பட்டியாச்சே?

பொன்னி: தேஞ்ச மம்பட்டி. வருஷக்கணக்கா மண்ணுல போயி போயி தகடு எப்படி மெலிஞ்சிருக்கு பாரு. ஆனா வளையாது. இத நீட்ட வாக்குல உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினா?

வள்ளி: கையக் கிழிக்குமே.

பொன்னி: மேல் ஓரத்த மடிச்சி, கொஞ்சம் குழிவா தட்டச் சொல்லலாம். பிடியே வேணாம். துணியச் சுத்திக்கலாம். வேடியப்பன் பட்டறை பக்கத்துலதான். நில்லு, முதல்ல குத்திப் பாரு.

வள்ளி: ...உம். எறங்குதுடி! வெண்ணெயில எறங்கற மாதிரி.

பொன்னி: தராசுல வெப்போம். இந்தப் பக்கம் கொத்துக்கரண்டி, இந்தப் பக்கம் இது. பாரு, மேல தூக்கிக்கினு போயிடுச்சு.

வள்ளி: இதான். இதுவேதான்.

பொன்னி: தேஞ்சது இன்னும் நாலஞ்சு இருக்கு. உங்க ஜோடிங்களுக்கெல்லாம் ஆயிடும். வேற இன்னா வேணும்?

வள்ளி: வேற... ஒண்ணுமில்ல.

பொன்னி: ஒண்ணுமில்லன்னா கெளம்பு. நிக்கற?

வள்ளி: பெரிய டீச்சரு ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க.

பொன்னி: இன்னா கண்டிஷன்?

வள்ளி: நான் ஒருத்தியா போகக் கூடாதாம். கூட இன்னொரு பொம்பளை வந்தாத்தான் அனுப்புவாங்களாம். டீச்சருங்கள எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்திக்கு முட்டி வலி. உண்ணாமலை டீச்சருக்கு வீட்டுக்காரரு விட மாட்டாராம். ஸ்கூல்ல படிச்ச பழைய பொண்ணு யாராவது வந்தாலும் சரின்னு இருக்காங்க.

பொன்னி: அப்ப யாரையாவது கேக்க வேண்டியதுதானே.

வள்ளி: கேக்கத்தான்...

பொன்னி: தான்?

வள்ளி: உன் படிப்பே அந்த மலையிலதானே போச்சு. எந்த மூஞ்சியோட உன்னைக் கேக்கறது? ஆறு மாசமா இந்தத் தெருவுக்கு வராம சுத்திக்கினு போனேன். கரண்டி ஒரு சாக்குதான்டி. கரண்டி போளூர்லயும் கெடைக்கும்.

பொன்னி: கேட்டாத்தானே தெரியும், நான் வரேனா இல்லியான்னு.

வள்ளி: ...பொன்னி, என் கூட மலைக்கு வரியா?

பொன்னி: உங்க பெரிய டீச்சரு திங்கக்கிழமையே தாழ்ப்பாள் வாங்க வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்கடி. அப்பவே வரேன்னுட்டேன். கடைய எங்க வீட்டுக்காரரு பாத்துக்கறாரு, ஸ்வெட்டரு கூட வாங்கியாச்சு. "வள்ளி கிட்ட மட்டும் சொல்லாதீங்கம்மா, அவளே வந்து கேக்கட்டும்"னு அவங்க கையப் பிடிச்சிக் கேட்டுக்கினேன். வந்தவ கேக்கவே மாட்டன்ற... அதான் கடையில இருக்கற கரண்டியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டிக்கினு இருந்தேன்.