ராக்கப்பன் சொன்ன இல்லை

அது ஒரு காலம். நம்ம செம்பூரணிக்குக் கரண்டு கம்பம் வராத காலம். இதே ஊர்ல ராக்கப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். நம்ம வகையறாதான், மறைச்சு என்ன ஆகப்போகுது. தாய் தகப்பன் இல்லை. அக்கா பஞ்சவர்ணம்தான் கண்மாய்த் தண்ணியில நெல்லு போட்டு அவரைப் படிக்க வச்சுச்சாம். படிச்சார், படிச்சார், மதுரையில காலேஜு வாத்தியாராவே ஆயிட்டாராம்.

என்ன பாடம்? சட்டசபை எப்படி நடக்கும்ங்கிற பாடம். தொண்டைன்னா தொண்டை, மைக்கு இல்லாம கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குமாம். சபையில சத்தத்தை வச்சு முடிவு சொன்னா ஒத்துக்காதீங்க, ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டாப் போதும், தலையை எண்ணித்தான் ஆகணும்னு வருசா வருசம் சொல்லுவாராம். லீவுக்கு வந்தா அக்காகிட்டயும் அதே பாடந்தான். அது அடுப்பை ஊதிக்கிட்டே கேட்டுக்குமாம்.

பேச்சைப் பாத்து ஒரு கட்சிக்காரன் சீட்டுக் குடுத்தான். ஜெயிச்சு எம்.எல்.ஏ. ஆயிட்டார். ஊரே தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுச்சாம். பைத்தியக்கார ஊரு.

கொஞ்சக் காலம் போச்சு. நம்ம கண்மாயை மூடி ஆலை கட்டணும்னு அவரு கட்சியே சட்டம் கொண்டாந்துச்சு. அக்கா பதறிப்போயி மெட்ராசுக்கே போயிருச்சாம். நான் இருக்கையில கண்மாய் போயிருமான்னு சொல்லி, பாஸ் வாங்கிக் குடுத்து, சபைக்கு மேல வேடிக்கை பாக்குற இடத்துல உக்கார வச்சாராம் தம்பி. ஆனா அதுக்குள்ள கட்சிக்காரவுக மந்திரிப் பதவின்னு ஆசை காட்டிட்டாக. அது அக்காவுக்குத் தெரியாது.

சபைத் தலைவர் கேட்டாராம், "ஆம் என்போர் ஆம் என்க."

கூரை இடிஞ்சு விழுற மாதிரிச் சத்தம்.

"இல்லை என்போர் இல்லை என்க."

அங்கிட்டும் இங்கிட்டும் ஏதோ சில குரல். பஞ்சவர்ணம் தம்பி வாயவே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். உதடு அசைஞ்சுச்சு. சத்தம் வரலை. ஆம் என்போரே அதிகம்னுட்டார் தலைவர். இப்ப எந்திரிப்பான், இப்ப எந்திரிப்பான்னு பாத்துச்சாம் அக்கா. தம்பி மேசையில கிடந்த காகிதத்தை அடுக்கிக்கிட்டு இருந்தாராம்.

வெளியில வந்து, "அக்கா, நான் இல்லைன்னுதான் சொன்னேன்"னாராம்.

"உன் வாயவே பாத்துக்கிட்டு இருந்த எனக்கே கேக்கலை. ஒருத்தன் எந்திரிச்சாப் போதும்னு பாடம் எடுத்தது நீதானேய்யா?"

அதுதான் அக்கா தம்பிகிட்டக் கடைசியாப் பேசுனது.

கண்மாயை மூடுனாக. மந்திரிப் பதவியும் வரலை. காரியம் முடிஞ்ச பிறகு எவன் குடுப்பான்? வயலு காஞ்சுபோயி, அடுத்த ஊர்ல நாத்து நட்டே செத்துச்சாம் பஞ்சவர்ணம். இழவுக்கு அவரு வந்தாராம். ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசலை. எனக்கு இப்பச் சொல்லையிலயும் வயிறு எரியுது.

அன்னையில இருந்துதான் நம்ம ஊர்க்கூட்டத்துல வாயால சம்மதம் கேக்குறது இல்லை. வேணாங்கிறவுக எந்திரிச்சு நிக்கணும், நடக்கமாட்டாத கிழடா இருந்தாலும் கைத்தாங்கலா நிக்கணும். எண்ணிப் பாத்துத்தான் முடிவு. உக்காந்த இடத்துல எவனாச்சும் முனகினா, "ராக்கப்பா, எந்திரிய்யா"ம்பாக. மத்தபடி அந்தப் பேரை நம்ம வகையறாவுல ஒரு பிள்ளைக்கும் இன்னைக்கு வரைக்கும் வச்சது இல்லை.