ஜன்னல் திரையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

டாக்டர்: பல்லு வலின்னு வந்தவருக்கு எதுக்கு மச்சான் இவ்வளவு பெரிய கேமரா பை?

செயலாளர்: அதுவா... பறவைக் குழுவோட செயலாளர் மாப்ளை நான். வழியில ஏதாவது அபூர்வமா கண்ணுல பட்டுட்டா?

டாக்டர்: வாசல்ல ரெண்டு காக்கா நின்னுச்சே, எடுத்தீங்களா?

செயலாளர்: என் தங்கச்சியைக் கட்டிக் குடுத்த நாள்லேர்ந்து இந்தக் கிண்டலைத்தான் கேக்குறேன்.

டாக்டர்: சரி, சாஞ்சுக்குங்க. எந்தப் பக்கம்?

செயலாளர்: ஜன்னல் பக்கம்.

டாக்டர்: வலியைக் கேட்டேன்.

செயலாளர்: அதான்... வலது பக்கம்! ஆமா, அந்தத் திரையை எதுக்கு மூடி வெச்சிருக்கீங்க? புழுங்குதே.

டாக்டர்: வெயில் அடிக்குது மச்சான்.

செயலாளர்: வெயிலா? மூணு நாளா மூட்டமாவே...

டாக்டர்: வாயைத் திறங்க.

செயலாளர்: ஆ...

டாக்டர்: நம்ம தபால்காரரை ஏன் குழுவை விட்டுத் தூக்கினீங்க? பாவம்.

செயலாளர்: ஆ... ஆ... கையை எடுங்க முதல்ல! பாவமாவது புண்ணியமாவது. அபூர்வப் பறவையைப் பாத்தா பத்து நிமிஷத்துக்குள்ள குழுவுல சொல்லணும். அதான் விதி. இவரு மூணு மணி நேரம் கழிச்சு ஆடி அசைஞ்சு சொல்றாரு.

டாக்டர்: மாமியார் சாவு வீட்டுல இருந்தாராமே.

செயலாளர்: சாவு வீட்டுல பறவை பாக்க நேரம் இருந்துச்சு, சொல்ல நேரம் இல்லையா? "கண்டவுடன் சொல், கள்ளமின்றிச் சொல்." யார் எழுதின வாசகம் அது?

டாக்டர்: நீங்கதான். அதையே எத்தனை தடவைதான்... சரி, அவரு ஒரு போட்டோ எடுத்துட்டுச் சொல்லலாம்னு நெனச்சிருப்பாரு. முதல் போட்டோ யாரு போடுறாங்களோ அவங்க பேரைத்தானே குழுவோட பலகையில எழுதுறீங்க? வாயைத் திறந்து சொன்னா நாப்பது பேர் வந்து நிப்பாங்க. எவன் பேரோ ஏறிடும்.

செயலாளர்: பலகையில பேர் வரணும்னா பறவை பாக்குறது? சே! அவ்வளவு அல்பமான ஆளுங்க...

டாக்டர்: நாம ரெண்டு பேரும் கிடையாது.

செயலாளர்: சத்தியமா கிடையாது. அந்தத் திரையைக் கொஞ்சம்...

டாக்டர்: வாயைத் திறங்கன்னேன். ம்ம்... கீழ் வரிசைக் கடைவாய்ப் பல்லு. பிடுங்கணும் மச்சான்.

செயலாளர்: பிடுங்கணுமா! மாத்திரை கீத்திரை...

டாக்டர்: தாராளமா. எழுதித் தரேன். இப்பவே வீட்டுக்குப் போய்ப் படுத்துடுங்க.

செயலாளர்: இப்பவேவா... பிடுங்கினா எவ்வளவு நேரம் இங்க உக்காரணும்?

டாக்டர்: ஒரு மணி நேரமாவது ஆகும். ஏன்?

செயலாளர்: அப்ப பிடுங்கிடுங்க.

டாக்டர்: யோசிச்சுச் சொல்லுங்க. ரத்தம் வரும்.

செயலாளர்: வரட்டும்.

டாக்டர்: மூஞ்சி வீங்கும். உங்க தங்கச்சிக்கே அடையாளம் தெரியாது.

செயலாளர்: வீங்கட்டும். காத்துக்காகத் திரையை மட்டும் ஒரு சாண்...

டாக்டர்: நர்ஸம்மா! ஊசி எடுத்துட்டு வாங்க. பெருசா!

நர்ஸ்: சின்னதே போதுமே டாக்டர்?

டாக்டர்: பெருசுன்னு சொன்னேன்ல? போய் எடுத்துட்டு வாங்க. மச்சான், இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல...

செயலாளர்: பேச்சை விடுங்க மாப்ளை.

நர்ஸ்: இந்தாங்க டாக்டர். உள் ரூம்ல ஒரு சின்ன வேலை, கொஞ்சம் நேரமாயிடுச்சு.

டாக்டர்: குத்தப் போறேன் மச்சான்...

செயலாளர்: குத்துங்க... ஆஆஆ!

டாக்டர்: மரத்துப் போச்சா?

செயலாளர்: ம்.

டாக்டர்: இப்பக்கூட எந்திரிச்சுப் போகலாம்.

செயலாளர்: ம்ஹூம்.

டாக்டர்: வீம்புக்கும் ஒரு அளவு இல்லையா! சரி, நீங்களாச்சு உங்க பல்லாச்சு... அசையாதீங்க... அசையாதீங்க... வந்துடுச்சு. பஞ்சைக் கடிச்சுக்குங்க.

செயலாளர்: தி... திரை...

நர்ஸ்: டாக்டர், கீழ தெருவுல ஒரே கூட்டம்! எல்லார் கழுத்துலயும் பைனாகுலர் தொங்குது.

டாக்டர்: யாரு... யாரு சொன்னது அவங்களுக்கு?

நர்ஸ்: நான்தான். ஊசி எடுக்கப் போனேன்ல, உள் ரூம் ஜன்னல்ல பாத்தேன். எதிர் மாடித் தொட்டி ஒழுகுதே, அந்தத் தண்ணியில நீலமா ஒரு ஈபிடிப்பான், நம்ம பக்கமே வராத ஜாதி, சாவகாசமா குளிச்சுட்டிருந்துச்சு. போன்ல எடுத்துக் குழுவுல போட்டுட்டேன். செயலாளர் சார்தானே ஆள் கணக்குக் காட்டணும்னு என்னையும் சேத்துவிட்டாரு?

செயலாளர்: இப்ப... இருக்கா?

நர்ஸ்: இத்தனை பேர் கத்தினா இருக்குமா சார்? பறந்துடுச்சு. பலகையில என் பேர்தானாம். எல்லாரும் வாழ்த்து அனுப்பிட்டே இருக்காங்க... சரி, சீட்டு எழுதணும். எந்தப் பல்லுல வலி இருந்துச்சு?

செயலாளர்: எதுலயும் இல்லம்மா. முந்தாநாளே தெருவுலேர்ந்து அதைப் பாத்துட்டேன்... இந்த நாற்காலியில உக்காந்தாத்தான் போட்டோ சரியா விழும்.

டாக்டர்: நான் திங்கக்கிழமையே பாத்தேன் மச்சான், லென்ஸ் ரிப்பேருக்குப் போயிருக்கு, அது வர்ற வரைக்கும் யாரும் பாத்துடக் கூடாதுன்னுதான் திரையை மூடினேன். பிடுங்கணும்னு சொன்னா பயந்து ஓடிடுவீங்கன்னு நெனச்சேன்... கல்லு மாதிரி நல்ல பல்லு அது.