கைகளில் மாறிய வசனம்

— கதவைச் சாத்தும்மா. இப்பச் சொல்லு. அந்த டெய்லர் அக்கா எதுக்கு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க?

— சந்தோஷத்துல ஐயா.

— எந்தச் சந்தோஷம்? என் பிரசங்கத்தைக் கேட்டு யாரும் அழுது நான் பார்த்ததில்லை. தூங்கிப் பார்த்திருக்கேன்.

— இன்னைக்குப் பேசினது பிடிச்சிருந்துதாம்.

— எந்த இடம்?

— அந்தச் சங்கீத வசனம் வந்த இடம். ஆண்டவர் வார்த்தையைக் கொடுத்தார், அதை ஊருக்குச் சொன்னவங்க பெரிய கூட்டம்னு வருமே, அங்கே.

— அங்கே நான் ஜோக்குதானே சொன்னேன்?

— ஆமா ஐயா.

— ஜோக்குக்கு யாராவது அழுவாங்களா? சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா சொல்லு, எனக்குப் பெருமைதான்.

— அவங்க சிரிக்கலை.

— அதைத்தான் கேக்குறேன். ஹால் பூரா சிரிச்சுது. செயலாளர் தொடையைத் தட்டிச் சிரிச்சார். நான் இந்தச் சபைக்கு வந்ததிலிருந்து அவருக்குப் பல்லு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மூலையில உன் எதிர்ல உட்கார்ந்திருந்த காது கேக்காத ஏழு பேர் மட்டும் ஏதோ சாட்சி கேக்குற மாதிரி கண் கலங்கி உட்கார்ந்திருக்காங்க. மேலே நிக்கிறவனுக்குத் தெரியாதா? அவங்களுக்குக் காது நீதானே. நீ கையால என்ன சொன்னே?

— வரிசையாச் சொல்லட்டுமா ஐயா? இல்லைன்னா குழம்பிடுவேன்.

— எப்படியாவது சொல்லு.

— முதல்ல நீங்க வசனத்தைப் படிச்சீங்க. அதை அப்படியே சைகையில கொடுத்தேன். அதுல தப்பு இல்லைன்னு நினைக்கிறேன். அப்புறம் நீங்க எழுதி வெச்சிருந்த தாளை மடிச்சுட்டு, 'செய்தி பரப்பணும்னா யாரைப் பிடிக்கணும்னு ஆண்டவருக்கே தெரிஞ்சிருக்கு, ஒரு அம்மாகிட்ட ரகசியம்னு சொன்னாப் போதும், பொழுது சாயறதுக்குள்ள ஊர் பூரா போயிடும், மைக்கும் வேண்டாம், கரெண்டும் வேண்டாம்'னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. என் கை அந்தரத்துல நின்னுடுச்சு.

— அதுல நிக்கிறதுக்கு என்ன இருக்கு? சாதாரண கேலிதானே. எல்லா வீட்டுலயும் சொல்றதுதான்.

— நீங்க ஹாலைப் பார்த்துச் சொன்னீங்க ஐயா. ஹாலுக்கு முகம் கிடையாது. எனக்கு எதிர்ல ஏழு முகம். ஏழு பேரும் பொம்பளைங்க. வீட்டுல ஒரு சாவு நடந்தாக்கூட அவங்களுக்குத்தான் கடைசியாத் தெரியும். எந்தச் செய்தியும் அவங்ககிட்ட ஆறிப் போய்த்தான் வரும். அவங்களைப் பார்த்து, செய்தி பரப்புறதுல நீங்க கெட்டிக்காரிங்கன்னு கேலி பண்ண எனக்குக் கை வரலை.

— வரலைன்னா சும்மா நிக்க வேண்டியதுதானே?

— நின்னிருக்கலாம். இப்பத் தோணுது. அப்பத் தோணலை. மாத்திட்டேன்.

— என்னன்னு மாத்தினே?

— 'சண்டை நடந்தது எங்கேயோ. யார் ஜெயிச்சாங்கன்னு ஊருக்குத் தெரியாது. பெண்கள்தான் திரளா வெளியே வந்து, ராஜாக்கள் ஓடிட்டாங்க, ஆண்டவர் ஜெயிச்சுட்டார்னு ஊருக்குச் சொன்னாங்க. இந்த வசனத்துல வர்ற பெரிய கூட்டம் ஆம்பளைங்க கூட்டம் இல்லை. பெண்களோட சேனை. சொல்றதுக்கு ஆள் இல்லைன்னா ஜெயிச்சதும் தோத்த மாதிரிதான்.' இப்படிக் கொடுத்தேன்.

— இது...

— ஆமா ஐயா.

— இது எங்கே கிடைச்சுது உனக்கு?

— உங்ககிட்டதான். முன்கூட்டியே படிச்சுத் தயார் பண்ணிக்கன்னு பிரசங்கத் தாளை வெள்ளிக்கிழமை கொடுத்தீங்களே. சாயங்கால வகுப்புக்குப் போறப்போ பஸ்ல படிச்சேன். எபிரெயு மூலத்துல அது பெண்களைத்தான் சொல்லுது, நம்ம மொழியில வெறும் கூட்டம்னு போயிடுச்சு, இதைச் சபைக்குச் சொல்லியே ஆகணும்னு எழுதியிருந்தீங்க. பக்கத்துல இருந்தவர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நான் கையை ஆட்டி ஆட்டிப் பழகினேன்.

— அது சும்மா எழுதிப் பார்த்தது.

— எனக்கு அதுதான் பிரசங்கம்னு தோணிச்சு.

— தோணுமா? உனக்குத் தோணினதை என் வாயில திணிப்பியா? நான் பேசாததைப் பேசினேன்னு ஏழு பேர்கிட்டச் சொல்லியிருக்கே. அதுக்குப் பேர் என்ன?

— பொய்தான் ஐயா.

— வாதாடக்கூட மாட்டியா?

— எதை வெச்சு வாதாடுறது? சொன்னதைச் சொல்லணும். இதுதான் எங்க வேலையில முதல் பாடம், கடைசிப் பாடம். கேலி பண்ணினா கேலி போகணும். அசிங்கமாத் திட்டினா அதுவும் போகணும். கோபம் வந்தா அது அவங்க கோபம். அவங்க எழுந்து வெளியே போயிருக்கலாம். உங்க முகத்துக்கு நேரா நின்னு கேட்டிருக்கலாம். அதுக்கெல்லாம் வழியில்லாம நான் பண்ணிட்டேன். நல்லது செஞ்சேன்னு அந்த நிமிஷம் நினைச்சேன். இப்ப எனக்கே கூசுது.

— சரி, உட்காரு. நின்னுக்கிட்டே அழாதே. தாளை ஏன் மடிச்சேன்னு நீ கேக்கவே இல்லையே.

— கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

— காலையில செயலாளர் இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். 'போன மாசம் ஒரு பொண்ணை ஜெபம் பண்ண விட்டீங்க, நாலு குடும்பத்துக்கு மனஸ்தாபம். இன்னைக்கு என்ன வசனம்?'னு கேட்டார். சொன்னேன். 'பார்த்துப் பேசுங்க ஐயா'ன்னார். அவ்வளவுதான்.

— மிரட்டினாரா?

— மிரட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். சிரிச்ச முகமாச் சொல்லிட்டுப் போனார். அதுக்கே பயந்து தாளை மடிச்சுட்டேன். எனக்கு ஜோக்கே வராதும்மா, என் வீட்டுக்காரியைக் கேளு. பயம் வந்தா மட்டும் அருவி மாதிரி கொட்டுது. அவர் தொடையைத் தட்டினாரே, அப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? சொன்னா நீ காறித் துப்புவே.

— துப்ப மாட்டேன் ஐயா.

— ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அதை ஏழு பேர் கேட்டிருக்காங்க. அதுவும் நான் வாயைத் திறக்காம. நல்ல போதகன்.

— ஐயா, இன்னொண்ணு இருக்கு. திட்டாதீங்க.

— இன்னுமா?

— அக்கா வெளியில காத்துக்கிட்டிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலக் கூட்டத்துல முன்னாடி நின்னு பேசணுமாம். 'ஐயாவே சொல்லிட்டார், சொல்ற வேலை பெண்களோடதுன்னு. அப்புறம் நாங்க மூலையில என்ன பண்றோம்'னு ஏழு பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க.

— ஐயோ! செயலாளர் முதல் வரிசையில இருப்பாரே!

— இருப்பார்.

— ஒண்ணு பண்ணு. நீ போய், தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடு. பொய்யில்லையே, உண்மைதானே?

— உண்மைதான். சொல்றேன். சொன்னா இனிமே என் கையை அவங்க நம்ப மாட்டாங்க. இந்த ஊர்ல அவங்களுக்கு வேற ஆள் கிடையாது. டாக்டர்கிட்டயும் நான்தான், பேங்க்லயும் நான்தான். 'கட்டி இல்லை, வெறும் கொழுப்பு'ன்னு டாக்டர் சொன்னதை நான் கொடுத்தா, இவ நம்ம மனசு நோகக் கூடாதுன்னு மாத்திட்டாளோன்னு நினைப்பாங்க.

— சொல்லாம விட்டா?

— உங்களை நம்புவாங்க. நீங்க சொல்லாத ஒண்ணுக்காக.

— ஆக, ஒருத்தர் மானம் போகணும்.

— ஆமா ஐயா.

— உன்னோடது போனாப் பரவாயில்லைன்னு என் மனசு எவ்வளவு வேகமாச் சொல்லுது பாரு. இந்த வாயாலதான் ஆசீர்வாதம் வேற சொல்லி அனுப்பினேன். இதென்ன, லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது?

— அக்காதான். வெளியில இருக்கிற சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறாங்க. அவங்க வீட்டுல கதவைத் தட்ட மாட்டாங்க, இப்படித்தான். பழக்கம்.

— திறந்துவிடு. போறது போகட்டும்.

— ஐயா, முதல்லயே சொல்லிடுறேன். அக்கா உள்ளே இருக்கிறவரைக்கும் இந்த அறையில பேசுற எல்லாம் கைக்குப் போயிடும். அவங்க பேசுறதை நான் குரல்ல சொல்றப்போ 'நான்'னா அது அக்கா. மறந்துடாதீங்க.

— சரி, சரி. வாங்க அக்கா, உட்காருங்க. தங்கச்சி, இதை மட்டும் சொல்லாதே, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்கே தெரியலை...

— அதையும் சொல்லிட்டேன் ஐயா.

— அடப்பாவமே.

— "நீங்க எதுக்கு ஆரம்பிக்கணும்? நான்தான் கேக்க வந்திருக்கேன். எந்த இடத்துல நிக்கட்டும்? லைட்டு என் கை மேல விழணும். கை தெரியாட்டி நான் ஊமை. தெரிஞ்சா நான் வாயாடி. என் பேச்சை நிறுத்தணும்னா என் வீட்டுக்காரர் லைட்டை அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்குவார்."

— அக்கா, ஒரு நிமிஷம். ஐயா, இப்ப நான் நானாப் பேசுறேன். காலையில நடந்ததை அக்காகிட்டச் சொல்லிடுறேன்.

— நீ சொல்லாதே. நான் சொல்றேன். ஒண்ணையும் மாத்தாமக் கொடு. அக்கா, காலையில நீங்க பார்த்தது நான் பேசினது இல்லை. பொம்பளைங்க வம்பு பேசுறவங்கன்னு நான் கேலி பண்ணினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல இவளுக்கு மனசு வரலை. நான் எழுதி வெச்சுட்டுச் சொல்லப் பயந்ததை எடுத்துக் கொடுத்துட்டா. நீங்க பிடிச்ச கைக்கு அந்தத் தகுதி இல்லை. தங்கச்சி, கொடுத்தியா?

— அப்படியே கொடுத்தேன் ஐயா.

— அக்கா என்ன சொல்றாங்க?

— "சிரிச்சாங்கன்னு தெரியும். எங்க பெஞ்சு ஆடிச்சு. எங்களுக்குச் சிரிப்பு பெஞ்சு வழியாத்தான் வரும். ஆண்டவர் ஜெயிச்சதுக்கு இவங்களுக்கு என்ன இவ்வளவு சிரிப்புன்னு யோசிச்சேன். சந்தோஷம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

— மன்னிச்சுடுங்க அக்கா.

— "பயந்தீங்களா?"

— பயந்தேன்.

— "யாருக்கு? அந்தத் தொடையைத் தட்டின ஆளுக்கா?"

— அவருக்குத்தான்.

— "அவர் சட்டையை நான்தான் தைக்கிறேன். அளவெடுக்கிறப்போ வயித்தை உள்ளே இழுத்துக்குவார். அவருக்கும் பயம்தான். நீங்க எழுதினதைச் சாயங்காலம் வாயால சொல்லுங்க. அப்புறம் நான் பேசுறேன்."

— சொல்றேன் அக்கா.

— "தாளை மடிக்காம."

— மடிக்காமச் சொல்றேன். சபை போனாலும் சரி. அப்பாடா, தங்கச்சி, இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. நீயும் கண்ணைத் துடைச்சுக்க. ஏன் அக்கா உன்னையே பார்த்துக்கிட்டிருக்காங்க? கையில ஏதோ கேக்குறாங்களே?

— என்கிட்டக் கேக்குறாங்க ஐயா.

— யார்கிட்டக் கேட்டா என்ன, குரல்ல வரணுமே. நீதானே சட்டம் சொன்னே?

— "அவர் சொன்னதை எனக்காக மாத்தினே. நான் சொன்னதை அவங்களுக்காக மாத்தியிருக்கியா?"

— சேச்சே, அப்படியெல்லாம் செய்யிற பொண்ணு இல்லை அக்கா. இன்னைக்கு ஏதோ என்னால ஒரு தடவை...

— "அவ பதில் வேண்டாம். உங்களைக் கேக்குறேன் ஐயா. இந்தப் புது ஹாலைத் திறந்த அன்னைக்கு நான் எழுந்து நின்னு பேசினேன். எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. அப்புறம் ஒண்ணும் மாறலை. அன்னைக்கு நான் என்ன பேசினேன்?"

— மறக்க முடியுமா! 'இவ்வளவு அழகான வீட்டைக் கட்டி, அதுல எங்களுக்கும் ஒரு இடம் கொடுத்தீங்களே, எல்லாருக்கும் நன்றி'ன்னீங்க. செயலாளரே கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரிகிட்ட, நம்ம சபையில யாருக்கும் ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனேன். ஏன்மா, கையைக் கீழே போட்டுட்டே? கொடு அவங்களுக்கு. நல்ல விஷயம்தானே. கொடும்மா.

— அக்கா நன்றி சொல்லலை ஐயா. 'துடைப்பம் வைக்கிற மூலையில எங்களை உட்கார வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லையா'ன்னு கேட்டாங்க.