ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரை

மலேசியாவில், பத்து காஜா ஊரிலிருந்து ஈப்போ போகும் பஸ். நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பெண்மணி, பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டதாலதான் அக்கா விழுந்தேன்.”

“என்னலா சொல்ற?”

“பாதி நாளு சாப்பிட மாட்டேன். டாக்டர் கேட்டா, வெக்கத்துல எல்லாம் சாப்பிடுறேன்னுருவேன். பிரஷர் எறங்கலன்னு அவரும் டோஸ கூட்டிக்கிட்டே போனாரு. போன வாரம் மருமக லீவுல வந்தா. மாத்திர உறையில எழுதியிருந்தபடி வேள தவறாம எடுத்துக் குடுத்தா. பிரஷர் ஒரேடியா எறங்கி, பாத்ரூம்ல மயங்கிட்டேன்.”

“டாக்டர்ட்ட உண்மைய சொல்லிட்டியா?”

பெண்மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீதான் கூடக் குடுத்திருப்பன்னு டாக்டரு மருமகள ஏசுனாரு. அவளும் ‘சோரி டாக்டர்’னு சொன்னா. நான் வாயத் தொறக்கலக்கா.”