பையில ஒண்ணு குறையுது

இல்லண்ணாச்சி, நீங்க எந்திரிக்காதீங்க, நான் இந்தக் கல்லுலயே உக்காந்துக்கிடுதேன். நாய எதுக்கு வெளிய இழுக்கீங்க, இருக்கட்டும். என்னக் கண்டதும் கட்டிலுக்கு அடியில போயிருச்சு. படுத்துக்கிடட்டும். புது ஆளப் பாத்தா சிலதுக்கு அப்படித்தான்.

தண்ணி போதும். மம்சாபுரத்துல இருந்து நடந்துதான் வாரேன். இந்தாங்க, பால்கோவா. பிடிங்கண்ணாச்சி, வெறுங்கையோட வந்தா நல்லாருக்காதுல்லா. சுகரா? அப்ப வீட்ல இருக்கவங்களுக்கு வைங்க. உள்ளதச் சொல்லணும்னா, ராஜபாளையத்துல ஏறி மம்சாபுரத்துலயே நான் எறங்கியிருக்கணும். தைரியம் வரல. வில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டேன். அங்க பஸ் ஸ்டாண்ட்ல செத்த நேரம் நின்னு, இத வாங்கிக்கிட்டு திரும்பி வந்தேன்.

லோன் ஆளா? இல்லண்ணாச்சி. ஃபாரஸ்டும் இல்ல. சோலார் வேலி விக்க வரல. இந்தப் பையப் பாத்து நெனச்சிட்டீங்களா? இது எங்க முதலாளி பை. எம்பேரு அனஸ், முஹம்மது அனஸ். ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனில குவாலிட்டி பாக்கேன். எங்க அத்தா பாரூக் அதே கம்பெனில தறி ஓட்டுதாரு. எங்க குடும்பத்துல காலேஜுக்குப் போன மொத ஆளு நாந்தான். நான் அத யார்ட்டயும் சொல்றதில்ல. அத்தாதான் பஸ் கண்டக்டர்ட்ட கூட சொல்லிருவாரு.

என்ன விசயமா வந்தேன்னா... இந்தப் பையில ஒரு சாமான் குறையுதுண்ணாச்சி. சாயந்திரம் ஆறு மணிக்குள்ள முதலாளி கைல பைய முழுசா ஒப்படைக்கணும். கார் ஏர்போர்ட்டுக்குப் போயிரும். ஒண்ணு குறைஞ்சாலும் நீ வேலைக்கு வேண்டாம்லேன்னு சொல்லிட்டாரு. நெறஞ்சிருந்தா, திரும்பி வந்ததும் பெர்மனன்ட். ஒரு வருசமா டெம்பரரியாவே கெடக்கேன். அத்தா இப்பவே தறிக்காரங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்துட்டாரு. அதான் பயமா இருக்கு.

எந்தச் சாமானா? சொல்லுதேன், சொல்லுதேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

முதலாளி வைகுண்டராஜும் அவிய வீட்டம்மாவும் ஆப்பிரிக்காவுக்கு சிங்கம் பாக்கப் போறாங்க. ஆமா, காசு குடுத்துத்தான். ஜீப்ல ஏத்திக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்களாம். சிரிக்காதீங்கண்ணாச்சி. உங்களுக்கு மிருகம் தோப்புக்கே வருது, அவிய பாவம், பிளைன் ஏறணும்.

தொப்பி போட்ட ஒருத்தரு பேசுற வீடியோவ முதலாளி பாத்திருக்காரு. இது இல்லாம காட்டுக்குப் போகாதீங்க, அது இல்லாம காட்டுக்குப் போகாதீங்கன்னு அந்தாளு மூச்சு விடாமச் சொல்றாரு. முதலாளி அம்புட்டையும் வாங்கிட்டாரு. வீட்டுக்குத் தெனம் பார்சல். ஏர்போர்ட்ல எடை போடுவாங்கன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்திருக்கு. என்னக் கூப்பிட்டாரு. ஏலே, நீ படிச்சவன், எது உதவும் எது உதவாதுன்னு பாத்து ஒரு பைக்குள்ள அடக்குன்னாரு.

நான் காட்டுக்குப் போனதே இல்லண்ணாச்சி. சோதிக்கத்தான் தெரியும். எங்க கம்பெனில காஸ் துணி, அதான் காயத்துல வெச்சுக் கட்டுற வலைத்துணி, வந்தா ஒரு துண்டு வெட்டி தண்ணில போடுவோம். உடனே முங்கிட்டா பாஸ். மெதந்தா ஃபெயில், ரத்தத்த உறிஞ்சாதுன்னு அர்த்தம். சோதிக்காத எதையும் பெட்டிக்குள்ள விட மாட்டேன், அது கைப்பழக்கமாயிருச்சு. இதுலயும் அப்படியே எறங்கிட்டேன்.

இந்தா, தலைல மாட்டுற லைட்டு. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு போட்டிருந்துச்சு. வாளித் தண்ணில போட்டேன், முங்குச்சு. பழக்கதோசத்துல பாஸ்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். எடுத்துப் பாத்தா எரியல. இப்ப வெச்சிருக்கது ரெண்டாவது. அத நான் தண்ணிகிட்டயே கொண்டுபோகல.

இந்தக் குழல் எதுக்குத் தெரியுமா? எந்தத் தண்ணியவும் இத வெச்சு உறிஞ்சிக் குடிக்கலாமாம். கண்மாய்ல போய்க் குடிச்சேன். ஆமா, நாந்தான். வேற யாரக் குடிக்கச் சொல்ல முடியும்? ரெண்டு நாள் எந்திரிக்க முடியல. ஃபெயில்னு சொன்னேன். முதலாளி ஒத்துக்கல. வெல கூடுன பொருள், உன் வயித்துலதான் கோளாறு இருக்கும்னு உள்ள வெச்சிட்டாரு.

பைனாகுலர் நெசமாவே நல்ல சாமான். அவிய வீட்டு மொட்டமாடில நின்னு நம்ம மலையப் பாத்தேன். பொறந்ததுல இருந்து அதுக்குக் கீழதான் இருக்கேன், எனக்கு அது ஒரே நீலக் கலரு. அதுல தனித்தனியா மரம் இருக்குன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். இந்தாங்கய்யா, நீங்களும் பாருங்கன்னு முதலாளிட்ட நீட்டினேன். அங்க என்னலே இருக்குன்னு உள்ள போயிட்டாரு.

இது என்ன மூட்டைன்னா, கேமரா ஆடாம இருக்க கீழ வைக்கிற பை. வெறும் பையா வரும், பயறு கியறு போட்டு நெரப்பிக்கிடணும். நான் மண்ண அள்ளி நெரப்புனத வீட்டம்மா வெங்கடேஸ்வரி பாத்தாங்க. ஏய்யா, எதுக்கு மண்ணு, பருப்பு போடுன்னுட்டாங்க. இப்ப உள்ள ரெண்டு கிலோ துவரம்பருப்பு. சிங்கத்த போட்டோ எடுத்த பொறவு சாம்பார் வெப்பாங்களாம். கூட்டிக் கழிச்சா இந்தப் பையிலயே நம்பிக்கையான சாமான் அதுதான்.

கோவிச்சுக்காதீங்க, வளவளன்னு பேசுதேன். பயம் வந்தா எனக்குப் பேச்சு கூடிரும். எந்தச் சாமானுன்னுதான கேக்கீங்க? வந்துட்டேன், வந்துட்டேன்.

பொட்டி தொலைஞ்சா கண்டுபிடிக்கன்னு ஜிபிஎஸ் டேக் ஒண்ணு வாங்குனாரு. தீப்பெட்டில பாதி இருக்கும். அது எங்க இருக்கோ, போன்ல அங்க ஒரு நீலப் புள்ளி தெரியும். நகர்ற பொருள்லதான் சோதிக்கணும்னு அத்தா சைக்கிள்ல மாட்டிவிட்டேன். ஷிப்டு நேரத்துல அத்தா டீக்கடைல நிக்காருன்னு காட்டுச்சு. வீட்ல வந்து கேட்டுத் தொலைச்சிட்டேன். பெத்த தகப்பனையே வேவு பாக்கவாலே உன்னப் படிக்க வெச்சேன்னு அன்னைக்குப் பூரா பேசல. டேக் பாஸ்தான். இருந்தாலும் சைக்கிள் மெதுவாத்தான போகுது, வேகமா ஓடுற பொருள்ல பாக்கணுமேன்னு எனக்கு ஒரு அரிப்பு.

இன்னொண்ணு, மிருகத்த வெரட்டுற மெஷின். அமுக்குனா ஒரு சத்தம் போகுமாம். மனுசங்களுக்குக் கேக்காது, மிருகத்துக்கு மட்டும் கேக்கும். இத எப்படிச் சோதிக்க, சொல்லுங்க. எனக்கே கேக்காத சத்தம் வந்துச்சா வரலையான்னு நான் எத வெச்சுக் கையெழுத்துப் போட? ஆட்டுக்கிட்ட அமுக்கிப் பாத்தேன். அது என் சட்டையத் திங்க வந்துச்சு. ஃபெயில்னு எழுதியிருக்கலாம். ஆனா ஒரு சாம்பிள வெச்சு எழுதக்கூடாதுண்ணாச்சி, எங்க வேலைல அது தப்பு. ரெண்டாவது சாம்பிள் வேணும்.

முதலாளி வீட்ல ஒரு நாய் உண்டு. அசல் ராஜபாளையம். பால் வெள்ளை, மூக்கு ரோஸ் கலர்ல இருக்கும். சீசர்னு பேரு. எந்நேரமும் கூண்டுதான். யாராச்சும் பெரிய ஆளுங்க வந்தா வெளிய கொண்டாந்து நிறுத்துவாங்க, போட்டோ எடுப்பாங்க, திருப்பி அடைச்சிருவாங்க. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. இந்த ஜாதி வெள்ளை நாய்ல கொஞ்சத்துக்குக் காது கேக்காதாம்லா, இதுவும் செவுடுன்னு முதலாளி எல்லார்ட்டயும் சொல்வாரு.

எங்க வீட்ல நாய் வளக்க மாட்டோம், எனக்கு அதுங்க பழக்கம் தெரியாது. செவுடுதான, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். வாட்ச்மேன் ஐயாதுரை அண்ணன்ட்ட சொல்லி, அது கழுத்துப் பட்டைல டேக்க மாட்டச் சொன்னேன். ரெண்டு சோதனையும் ஒண்ணா முடிஞ்சிரும்னு கணக்கு. கூண்டத் தொறந்து விட்டாரு. அது வாசல்ல வந்து வெயிலப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் மெஷின அமுக்கினேன்.

ரெண்டு சாமானும் பாஸுண்ணாச்சி.

காம்பவுண்ட தாண்டுனத நாங்க பாத்தோம். அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை நடந்தது இது. முதல்ல புள்ளி முடங்கியார் பக்கம் தோப்பு தோப்பாச் சுத்துச்சு, பொறவு மலையோரமாவே வடக்க வந்துச்சு. ஞாயித்துக்கிழமைல இருந்து ஒரே எடத்துல நிக்குது. செத்துப்போச்சோன்னு நெனச்சேன். தூங்கலண்ணாச்சி, சத்தியமா. தெனம் ராத்திரி மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு திரும்ப அதே எடத்துக்கு வரும். அத வெச்சுத்தான் உசுரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்த எடம் யாருதுன்னு மம்சாபுரம் டீக்கடைல கேட்டேன். சமுத்திரம் அண்ணாச்சி கடலைக்காடுன்னாங்க. நாலஞ்சு நாளா காட்டுப்பன்னி எறங்கலையாம், அண்ணாச்சிக்கு யோகம்னாங்க.

ஐயோ, திருட்டுன்னு சொல்ல வரலண்ணாச்சி! நான் அப்படிச் சொல்லுவேனா? தானா வந்ததுன்னு எனக்குத் தெரியாதா? எம் போன்ல வழி பூரா இருக்கு. அந்த வார்த்த உங்களுக்குத் தோணிறக் கூடாதேன்னுதான் எங்கயோ சுத்தி எங்கயோ பேசிக்கிட்டிருக்கேன். உக்காருங்க, உக்காருங்க.

நீங்க ‘வெள்ளையா’ன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டப்ப கட்டிலுக்கு அடியிலேர்ந்து வால் வெளிய வந்து ஆடுச்சு, பாத்தேன். அது செவுடே இல்லண்ணாச்சி. அங்க யாருக்கும் திரும்பணும்னு அதுக்குத் தோணல, அவ்வளவுதான்.

இல்ல, நாயக் கேட்டு வரல. டேக் போதும். அதுதான் பையில குறையுது. சாயந்திரம் முதலாளி போன்ல ஏத்திக் குடுக்கணும். அப்ப புள்ளி உங்க கடலைக்காட்டுல நின்னா ரெண்டு பேருக்கும் வம்பு. டேக் வந்துச்சாலே, டேக் வந்துச்சாலேன்னு நாலு தடவ போன் போட்டுட்டாரு. நாய இன்னும் கேக்கல. வெறும் கூண்டுக்கு ஐயாதுரை அண்ணன் சோறு வெச்சு எடுத்துட்டுப் போறாரு, யாரும் எட்டிப் பாக்கல.

பொய் எனக்கு வராதுண்ணாச்சி. சீசர் எங்கலேன்னு முதலாளி கேட்டாருன்னா, சமுத்திரம் அண்ணாச்சி தோட்டத்துல இருக்கு, நாந்தான் வெரட்டிவிட்டேன்னு அந்த நிமிசமே சொல்லிருவேன். அதோட வேலையும் போயிரும், தெரியும். ஆனா கேட்டாத்தான சொல்ல முடியும்? சிங்கம் பாக்கப் போற அவசரத்துல கேப்பாருன்னு எனக்குத் தோணல. கேக்காமலே போயிட்டாருன்னா... அவரு திரும்பி வந்ததும் ஒரு நாள் நானே போய்ச் சொல்லணும். சொல்லிருவேன்னுதான் நெனைக்கேன்.

நேரமாச்சுண்ணாச்சி, பஸ்ஸப் பிடிக்கணும். பட்டைய நீங்களே கழட்டுங்க. நான் அந்தப் புளியமரத்துக்குப் பின்னால போயி நின்னுக்கிடுதேன். என்னப் பாத்தா அது வெளிய வராது.