வழியாத மை

அசையாத, அசையாத. ஒதட்டுக்குப் போட்டது இன்னும் காயல. மத்தவங்க எல்லாம் கடைசியிலதான் ஒதட்டுக்கு வருவாவ, நான் மொதல்லயே போட்டுருவேன். என்னத்துக்குன்னா, கல்யாணப் பொண்ணு பேச ஆரம்பிச்சா அழ ஆரம்பிச்சிருவா, அழுதான்னா என் வேல பூராவும் பாழு. அதனால காயுற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது. நான் பேசுதேன், நீ கேளு. கண்ண மட்டும் சிமிட்டு, போதும். நீன்னே கூப்புடுதேன், தங்கச்சி மாரி இருக்க.

அது என் போன்தான். அடிக்கட்டும் விடு. காலையிலேர்ந்து ஒரே ஆளுதான் அடிச்சிட்டுக் கெடக்கான். வேல செய்யும்போது நான் எடுக்க மாட்டேன். இந்தா, கவுத்தி வச்சிட்டேன்.

ஒங்க சித்தி சொல்லிட்டுப் போனாவளே, மாப்ள விடியக்காலத்துலேர்ந்து கதவ அடச்சிக்கிட்டு உபவாச ஜெபத்துல இருக்காருன்னு. அப்பா அம்மா தட்டுனாக்கூடத் தொறக்கலையாமே. நேரா கோயிலுக்குத்தான் வருவேன், அதுக்கு முந்தி ஒருத்தர் மொகத்தையும் பாக்க மாட்டேன்னு உள்ள இருந்தே சொல்லிட்டாராம். நல்ல பக்திதான். சிரிக்காதளா, லைனு கோணிரும்.

நேத்து மேக்கப் ட்ரையலுக்கு வாரேன்னுட்டு வராமப் போனதுக்குச் சித்திக்குக் கோவம். தப்பு என் மேலதான். நேத்து மத்தியானம் நான் ஹார்பர் ரோட்டுல ஒரு உப்பு குடோனுக்குள்ள இருந்தேன். கச்சேரி. பிளாக் மெட்டல்னு கேள்விப்பட்டிருக்கியா? ஐயோ, புருவத்தத் தூக்காத, இப்பந்தான் வரையுதேன்.

கிடாரையும் டிரம்ஸையும் வச்சிக்கிட்டுப் பேய் பிடிச்சது மாரி கத்துறதுதான், வெளிய உள்ளவங்க கண்ணுக்கு. போஸ்டர் ஒட்ட மாட்டாங்க, பேப்பர்ல வராது. எடம் எங்கன்னு அன்னைக்குக் காலையில போன்ல வரும், அவ்வளவுதான். கொச்சியிலேர்ந்து ஒரு குரூப்பு வந்திருந்தாங்க, பெங்களூர்லேர்ந்து ஒண்ணு. ஷில்லாங் பயலுவ நாள்கணக்கா ரயில்ல உக்காந்து வந்திருக்கானுவ, பாவம், எறங்கினவொடன பரோட்டாக் கடைக்குத்தான் ஓடுனானுவ. குடோன் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குச் சொந்தம். அவருட்ட பாட்டுப் போட்டின்னு சொல்லித்தான் சாவி வாங்குனது. மனுசன் வெள்ளச்சட்ட போட்டு வந்து முன்னால நாக்காலியில உக்காந்துட்டாரு பாத்துக்கோ. மொதப் பாட்டு முடியல, எந்திரிச்சு வெளிய போயி வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டாரு. ஏம்மா, இந்தப் பயலுவளுக்கு என்ன கொறைன்னு எங்கிட்டக் கேட்டாரு. ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சின்னேன்.

எங்க கூட்டு நாலு பேரு. இனிகோ கிடாரு, ஹார்பர்ல கிரேன் ஓட்டுதான். பாலகணேஷ் டிரம்ஸு, மார்க்கெட்ல அவங்களுக்குக் கருப்பட்டிக் கட. பாடுறவன் ஒருத்தன், அவன ஆந்தைன்னுதான் கூப்புடுவோம், மேடையிலயும் அவனுக்கு அதான் பேரு. அப்புறம் நான். காலேஜ்லேர்ந்து ஒண்ணா சுத்துறோம். குரூப்புக்குப் பேரு துக்கமணி. நம்ம ஊருல ஆள் செத்தா கோயில்ல விட்டு விட்டு மணி அடிப்பாங்கல்லா, அது. பாட்டு பூராவும் நான் எழுதுறது. கத்துறவன் ஆந்தை. அவனுவளுக்கு மூஞ்சி எழுதுறதும் நாந்தான்.

அதுக்கு மூஞ்சி எழுதணும், ஆமா. பொணம் மாரி வெள்ளையா அடிச்சு, கண்ணச் சுத்தியும் வாயோரமும் கருப்பு. ஒனக்குப் போடுறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்ல. அதே ப்ரைமர், அதே பிரஷ்ஷு. கழுவித்தான் கொண்டாந்திருக்கேன், மூஞ்சியச் சுழிக்காத.

ஆனா நம்ம ஊருல அது நிக்காது. வெளிய உப்புக்காத்து, உள்ள தகரக் கூரை வேக்காடு. ரெண்டு பாட்டுக்குள்ள வழிஞ்சு கழுத்துக்கு வந்துரும். இனிகோவுக்கு வழிஞ்சா ஒண்ணுமில்ல, அவன் தொடச்சிட்டு வாசிப்பான். ஆந்தைக்கு மட்டும் வழியப்படாது. அவன் வெளிய வேற ஆளு. வேற ஆளுன்னா, ஒன்னால நெனச்சுப் பாக்க முடியாது.

கண்ண மூடு. மேல் எமைக்குப் போடுதேன். மூடிக்கிட்டே கேளு.

நான் எப்பவும் இந்த வேல பாத்தவ இல்ல. கோயில் ஸ்கூல்ல பாட்டு டீச்சர். கோயில் பாடகர் குழுவுல சின்ன வயசுலேர்ந்து இருந்தேன், ஆந்தையும் இருந்தான். அவங்கப்பா சபைக் கமிட்டியில பெரிய ஆளு. நாங்க துக்கமணி பாட்டு பழகுற எடத்துல எவனோ எடுத்த வீடியோ ஒண்ணு கமிட்டி வரைக்கும் போயிட்டு. அதுல நான் இருக்கேன், ஆந்தையும் இருக்கான், ரெண்டு பேரும் மூஞ்சி எழுதாம. பெரிய பிரச்சனையாயிட்டு. நான் அவங்கிட்டச் சொன்னேன், ஏல, ரெண்டு பேருமாப் போயி பாஸ்டர் ஐயரப் பாத்து, இது வெறும் பாட்டுதான்னு சொல்லுவோம்னேன். சரின்னான். வாரேன்னான்.

அந்த ஞாயித்துக்கெழம ஆராதனையில எந்திரிச்சு சாட்சி சொல்லுதான். ஒரு பொண்ணு என்னய சாத்தானோட பாட்டுக்குள்ள இழுத்து விட்டுட்டா, ஆண்டவர் அந்தக் கட்ட அறுத்து என்னய வெளிய கொண்டாந்தாருன்னு. அழுதுக்கிட்டே சொன்னான். பேரையும் சொன்னான். எங்கம்ம முன் பெஞ்சுல உக்காந்திருந்தா. பெண்கள் ஐக்கியத்துல ஜெபிக்கிறதுன்னா கிருபையக்காளத்தான் கூப்புடுவாங்க, அப்பிடி இருந்தவ. அவளுக்கு யாரும் முன்கூட்டி ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. அத்தன பேருக்கு மத்தியில, அங்கன உக்காந்தபடியேதான் கேட்டா.

எனக்கு ஸ்கூல் போச்சு, பாடகர் குழு போச்சு. அது கெடக்கட்டும். எங்கம்ம எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. வேதப்புத்தகப் பைய ஆணியில மாட்டுனா, அப்புறம் அத எடுக்கவே இல்ல. அந்த வருசம் மழைக்கு முன்னாடி போயிட்டா.

நம்மளுக்குள்ள ஒரு மொற இருக்குல்லா, அடக்கத்துக்குப் பாடகர் குழு முன்னால பாடிக்கிட்டே நடக்கும், வீட்டுலேர்ந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும். பேச்சுவார்த்த இல்லாத வீட்டுக்குக்கூட நான் போயிப் பாடியிருக்கேன். எங்கம்மைக்கு ஒருத்தரும் வரல. ஐயர் வந்தாரு, வெரசா முடிச்சாரு. நான் ஒத்தையில பாடிக்கிட்டே நடந்தேன். இனிகோவுக்கு எங்க பாட்டு தெரியாது, அவங்க கோயில் வேறல்லா. பாலகணேஷுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் ம்ம்ம்னு இழுத்துக்கிட்டே கூட வந்தானுவ. கல்லறைத் தோட்டத்து கேட்டுகிட்டப் போகும்போது எனக்குத் தொண்ட அறுந்துட்டு. அதுலேர்ந்து நான் பாடுறதில்ல. எழுதுறதோட சரி.

ஆந்தை அன்னைக்கு எங்கன இருந்தான்னு கேக்கியா? வேற ஊருல கன்வென்ஷன் ஜெபக்கூட்டம். மேடையில நின்னு அதே சாட்சியச் சொல்லிட்டு இருந்தான். அதுக்குள்ள அது நல்லாப் பழகியிருக்கும், எங்கன அழணும், எங்கன நிறுத்தணும்னு. அம்புட்டு எடத்துலயும் என் பேரு உண்டு.

பொறவு என் பார்லருக்கு வந்து நிக்கான், வெக்கங்கெட்ட மூதி. என் நெலம ஒனக்குத் தெரியும்லா, அப்பா முன்னாடி எனக்கு வேற வழி தெரியலன்னான். பாடாம இருக்க முடியல, மூஞ்சி தெரியாம மட்டும் எழுதிருன்னான். இனிகோ அவன அடிக்கவே போயிட்டான். நான் சரின்னேன். வருசா வருசம் எழுதுனேன். சாட்சி ஒரு பக்கம், துக்கமணி ஒரு பக்கம், நடுவுல என் பிரஷ்ஷு.

என்ன அப்பிடிப் பாக்க? மன்னிச்சிட்டேன்னு நெனச்சியா? அவனும் அப்பிடித்தான் நெனச்சான். மைக்கப் பிடிச்சி அழுதா மன்னிப்பு கெடச்சிரும்னு அவனுக்குப் பழகிப்போச்சு. நான் காத்துட்டு இருந்தேன்ளா. என்னத்துக்குன்னு எனக்கே தெரியாது, ஆனா ஒவ்வொரு தடவ அவன் தாடையப் பிடிக்கும்போதும் எங்கம்ம பைய மாட்டுன அந்த ஆணிதான் கண்ணுல நிக்கும். காத்துட்டே இருந்தேன்.

கை ஏன் சில்லுன்னு கெடக்கு? ஏசியக் கொறைக்கவா? கேக்க வாறது தெரியுது. பொறு, ஒதடு காயட்டும். எல்லாத்தையும் சொல்லிருதேன்.

நேத்து வந்து உக்காந்தவொடன அவனே கேட்டான். போன வருசம் வழிஞ்சு வீடியோவுல பாதித் தாட தெரிஞ்சிட்டு. நாளைக்கு எனக்கு முக்கியமான ஜோலி இருக்கு, இன்னைக்கு எவனாவது அடையாளம் பாத்தான்னா தொலஞ்சேன், வேர்வைக்குப் போகாதது மாரி போடுன்னான். அவன் வாயாலதான் கேட்டான், ஞாபகம் வச்சிக்கோ. இன்னொண்ணும் கேட்டான். நெத்தியில சிலுவையத் தலகீழாப் போடச் சொன்னான். அத நான் யாருக்கும் எழுதுனதில்ல. என் பாட்டுல ஆண்டவரோட சண்ட உண்டு, ஏச்சு கெடையாது. வேண்டாம்லன்னேன். வெளிநாட்டுல எல்லாவனும் போடுதான், கழுவுனா போச்சுன்னான். சரில, ஒஞ்சித்தம்னேன்.

பார்லர்ல ஒரு ஜெல்லு வச்சிருக்கேன். துபாய்லேர்ந்து லீவுக்கு வாற பொண்ணுவ கருப்பு மருதாணி கேப்பாவ, அவியளுக்குன்னு வாங்குனது. எங்கயோ காட்டுல காய்க்கிற பழத்துச் சாறாம். புது ப்ரைமர்னு சொல்லி மொதல்ல அதத் தீட்டுனேன். கண்ணச் சுத்தி, வாயோரம், நெத்தியில அவன் கேட்டது. காய விட்டு, மேல வழக்கமான பெயின்ட்ட அடிச்சேன். அவன் கண்ண மூடிக்கிட்டு, நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேனோன்னான்.

சும்மா சொல்லப்படாது, நேத்து மாரி அவன் என்னைக்கும் பாடுனதில்ல. கடைசியா எங்கம்மைக்கு நான் எழுதுன பாட்டு. கூட்டம் தலைய ஆட்டி ஆட்டிக் கத்துது, கூரைத் தகரம் அதிருது, பாலகணேஷ் அடிச்ச அடியில குச்சி ஒடஞ்சிட்டு. எனக்கு அழுக வரல. ஓரமா நின்னு அவன் நெத்தியவே பாத்துட்டு இருந்தேன். ஒரு சொட்டு வழியல.

இருட்டுறதுக்கு முந்தி எல்லாம் முடிஞ்சிட்டு. தேங்காண்ணெயப் போட்டுத் தொடச்சான். மூஞ்சி பளிச்சுன்னு வந்துட்டு. பாத்தியா, அம்புட்டும் போயிட்டுன்னு சிரிச்சிட்டே பைக்குல ஏறிப் போனான்.

அந்த ஜெல்லு அப்பிடித்தான். அன்னைக்குத் தண்ணி மாரி ஒண்ணும் தெரியாது. ராத்திரி அது பாட்டுக்கு உள்ள எறங்கும். விடியும்போது நாவப்பழம் தின்ன நாக்கு கணக்கா கருத்து நிக்கும். சோப்புக்குப் போகாது, எண்ணெய்க்குப் போகாது, தோலு தானா உரியுற வரைக்கும் கெடக்கும். எரியாது, புண்ணாகாது, அத நான் பாத்துத்தான் போட்டேன். எனக்கு அவன் மூஞ்சி கெட வேண்டாம். மூஞ்சி தெரியணும், அவ்வளவுதான்.

அந்தா, திரும்ப அடிக்கான் பாரு. வெளிச்சம் வருமுன்னாடி மொதக் கால் வந்துட்டு. என்னத்தப் போட்டா போகும், சொல்லுன்னு வாய்ஸ் மெசேஜ்ல அழுதான். இந்த அழுக மேடையில அழுறது மாரி இல்ல, இது நெசம். ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன். கதவத் தொறக்க முடியல, எல்லாரும் வெளிய நிக்காங்க, ஜெபத்துல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்னு சொன்னான்.

ஏளா, எந்திரிக்காத. உக்காரு. அழுதேன்னா மை போயிரும், இது சாதா மைதான்.

சித்தி இன்ஸ்டாகிராம்ல பார்லர் பேரப் பாத்துத்தான் என்னயப் பிடிச்சாவ. என் பேர அவிய கேக்கல, நானும் சொல்லல. சேலைக்குக் கோட்டு கலரு பொருந்துதான்னு பாக்க மாப்ள போட்டோவ அனுப்பியிருந்தாவ. மேல ஒண்ணும் எழுதாத வெறும் மூஞ்சி. எனக்கு அது மனப்பாடம்லா. ஒங்க வீட்டுல அவன் சாட்சியக் கேட்டுத்தான் மாப்ளய பிடிச்சுதாமே. அதுல ஒரு பொண்ணு பேரு வரும், நீயும் கேட்டிருப்ப. ஜெப்ஸி. அது நாந்தான்.

கல்யாணத்த நிறுத்துன்னு சொல்ல நான் வரல பெனிஷா. கோயில்ல மூணு வாரமும் கல்யாண ஓல வாசிச்சு அறிவிச்சாச்சு. நாலு மணிக்கு ஐயர் கேப்பாரு, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டான்னு. நான் கடைசி பெஞ்சுல வாயத் தொறக்காம உக்காந்திருப்பேன். அவன் நெத்தியே பேசிக்கிடும். ஆனா எங்கம்ம மாரி நீயும் அத்தன பேர் மத்தியில, அங்கன வச்சு மொதமொதல்ல பாக்கப்படாதுல்லா. ஒங்கிட்ட எனக்கு வழக்கு இல்ல. அதுக்குத்தான் ஒதட்ட மொதல்ல போட்டுட்டு உக்காந்து இவ்வளவும் சொன்னேன்.

கண்ணாடியப் பாரு. நல்லா இருக்க. ஒனக்குப் போட்டது ஒரு பஞ்சுல போயிரும், பயப்படாத.

ஒதடு காஞ்சிட்டு. இப்பம் நீ பேசலாம். இந்தா போன், அவன்தான்.